குறையில்லாத முப்பத்திரண்டு தாள்கள்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
3-12-1959, வியாழன்.

அன்பு மகள் அஞ்சலாட்சிக்கு, அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். அந்த வரியை இந்த வருடம் வாரம் தவறாமல் எழுதியிருக்கிறேன், இன்று அது இல்லாமல் தொடங்குவதிலேயே பாதி விஷயம் உனக்குப் புரிந்திருக்கும், மீதியை நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா பன்னிரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இடது காலில் புண். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் இது விரலோடு நிற்குமா, கணுக்கால் வரைக்கும் போக வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை, பேசுகிறாள், ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்று குறை சொல்கிறாள். இதை உட்கார்ந்து படி, படித்து முடிக்கும்வரை ரயிலடிக்குக் கிளம்பாதே. உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றும், நாக்பூரில் நீ பொறுப்பு நர்ஸாக இருக்கும் வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டிய அவசரம் ஒன்றும் இதில் இருக்கின்றன. மன்னிப்பு கொஞ்ச நாள் காத்திருக்கும், அவசரம் காத்திருக்காது என்பதால்தான் திங்கட்கிழமை வரை பொறுக்காமல் இன்றே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ லீவில் வந்தபோது அம்மாவுடைய சர்க்கரை வியாதிக்காகக் கொண்டுவந்து வைத்துப் போன சாமான்களை நீ மறந்திருக்க மாட்டாய், நீ எதையும் மறப்பவள் அல்ல. நீல மருந்து ஒரு புட்டி, கண்ணாடிக் குழாய் இரண்டு, ஸ்பிரிட் விளக்கு ஒன்று, நீயே கோடு போட்ட தாள்கள் ஒரு கட்டு. மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும், நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். காலை நிறம், மாலை நிறம், ஊசி போட்ட நேரம், சாப்பிட்டது, கடைசிக் கட்டத்தில் ‘பாதம் பார்த்தீர்களா’. வாரம் முடிந்ததும் தாளை நாக்பூருக்கு உனக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு நகல் எடுத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். நான் நொத்தேரிடம் பத்திரம் எழுதும் கிளார்க்காக இருபத்தேழு வருடம் இருந்தவன், இவ்வளவு ஒழுங்கான தாளை அங்கேகூடப் பார்த்ததில்லை, என் மகள் என்று பெருமையாகத்தான் இருந்தது.

முதல் மூன்று மாதம் உண்மையாகவே செய்தோம். உன் அண்ணி தனக்கொடிதான் காய்ச்சினாள். அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை, மருமவ கையில அதத் தூக்கிக் குடுக்கிறது மானக்கேடா இருக்குது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதையும் சமாளித்தோம். சமாளிக்க முடியாமல் போனது உன் பதில் கடிதங்களை. மார்ச் ஒன்பது மாலை ஏன் காலியாக இருக்கிறது, பதினான்கு காலை மஞ்சளுக்கு என்ன காரணம், முதல் நாள் என்ன சாப்பிட்டார், யார் கொடுத்தது, கொடுத்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள். ஒன்பதாம் தேதி எதிர்வீட்டில் வளைகாப்பு, எல்லோரும் அங்கே இருந்தோம். பதினான்கு மஞ்சளுக்குக் காரணம் பதின்மூன்றாம் தேதி கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கல், கொடுத்தது சாமி. இப்படி எழுதினால் நீ ஒத்துக்கொள்ளவா போகிறாய்? தனக்கொடி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாமா, ஒங்க பொண்ணு ஒண்ணு போலீசுல சேந்திருக்கணும், இல்லன்னா என்னய நர்சு வேலைக்காவது சேத்துக்கணும், ரெண்டும் இல்லாம நான் எதுக்கு வாரா வாரம் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும் என்று அழுதாள். உன் அண்ணன் கலியமூர்த்தி மில்லிலிருந்து வந்து அவள் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டான், அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். மஞ்சள் என்று எழுதினால் உன்னிடமிருந்து நான்கு பக்கம் வரும், காலியாக விட்டால் ஆறு பக்கம். நீலம் என்று எழுதிய வாரம் ஒரே பக்கம்தான், அதில் ‘இந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினேன் அப்பா’ என்று ஒரு வரியும் இருக்கும். உன்னைத் தூங்கவைக்க ஒரே ஒரு சொல் போதும் என்று தெரிந்த பிறகு நான் என்ன செய்வேன்? சித்திரை பிறந்ததும், இனி தாளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தனக்கொடியிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு விடுதலை, அம்மாவுக்கு மானம் பிழைத்தது, உனக்குத் தூக்கம். எனக்குச் சனிக்கிழமை காலையில் கால் மணி நேர வேலை.

அஞ்சலை, அன்றிலிருந்து நான் ஒரு நாளும் எதையும் காய்ச்சவில்லை. முப்பத்திரண்டு வாரம், வாரத்துக்குப் பதினான்கு நிறம், நானூற்று நாற்பத்தெட்டு நிறங்களையும் உட்கார்ந்த இடத்தில் எழுதினேன். வெறும் நீலமாக எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்று நல்ல நாள் பெரிய நாளுக்கு மறுநாள் ஒரு பச்சை வைத்தேன். எல்லாம் ஒரே மையில் இருந்தால் சந்தேகம் வரும் என்று இரண்டு பேனா வைத்துக்கொண்டேன். நாளைக்குப் பத்து சி.சி. மருந்து செலவாக வேண்டும் என்று நீ கணக்குப் போடுவாய் என்பதால் மாதம் முந்நூறு சி.சி.யை அளந்து சாக்கடையில் ஊற்றினேன், நம் வீட்டுச் சாக்கடைக்கு எட்டு மாதமாகச் சர்க்கரைப் பரிசோதனை குறைவில்லாமல் நடந்தது. இரண்டாவது புட்டியை நீ பார்சலில் அனுப்பினாய், சரியான நாளில் வந்து சேர்ந்தது என்று மெச்சி எழுதினேன். உண்மையைச் செய்திருந்தால்கூட இவ்வளவு கவனமாகச் செய்திருப்பேனா தெரியாது. ஒரு குறையும் இருக்கக் கூடாது என்ற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ யோசித்திருந்தால், இப்போது தெரிந்திருக்கும். ஒன்பது வயதில் நீ மை சிந்திய பக்கத்தைக் கிழித்து, நோட்டு முழுவதையும் திரும்ப எழுத வைத்தவன் நான்தான்.

அந்தத் தாளை டாக்டரும் நம்பினார். ஓரத்தில் ‘பர்ஃபே’ என்று எழுதிக் கொடுத்தார், கொஞ்சமும் குறையில்லை என்று அர்த்தம். குறையில்லாததால் ஆகஸ்டு மாதம் இன்சுலினை நாற்பதிலிருந்து இருபத்தைந்தாகக் குறைத்தார். அவர் மேல் தப்பில்லை. தாளில் இருந்த உன் அம்மா தில்லையம்மாளுக்கு இருபத்தைந்தே அதிகம். வீட்டில் இருந்த தில்லையம்மாளுக்கு நாற்பதே போதவில்லை.

அவளை உள்ளபடி பார்த்தது ஒருத்திதான். பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சம்மாள் தீபாவளிக்கு முன்பே ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இன்னாக்கா, சொன்ன வெலைக்கு வாங்குற, வாசப்படியில வேற குந்திக்கினு எழுந்திரிக்க மாட்டேங்கிற, ஒடம்பு கிடம்பு சரியில்லியா என்று கேட்டாள். நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டு அதைக் கேட்டேன். அம்மா பேரத்தை விட்டுவிட்டாள் என்பது இந்தத் தெருவில் கொடி இறக்கியதற்குச் சமமான செய்தி. அஞ்சம்மாளிடம் கட்டம் போட்ட தாள் கிடையாது, அதனால் அவள் ஆளைப் பார்த்தாள். என்னிடம் தாள் இருந்தது.

போன மாதம் இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை, காலையில் மழை. வழக்கம்போல வாரத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். நிறங்கள் முடிந்து கடைசிக் கட்டத்துக்கு வந்து, பாதம் பார்த்தீர்களா, ஆம், ஆம், ஆம் என்று ஐந்து ஆம் எழுதியிருப்பேன், தனக்கொடி கூடத்திலிருந்து, மாமா, இங்க வாங்க, அத்த நடந்த எடத்தப் பாருங்க என்று கூப்பிட்டாள். குரல் சரியில்லை. அம்மா கிணற்றடியிலிருந்து ஈரக் காலோடு வந்திருந்தாள், சிமெண்டுத் தரையில் அவள் காலடி வரிசையாக இருந்தது. வலது கால் தண்ணீர். இடது கால் சிவப்பு. அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, யாரு கால்டீ அது என்று தனக்கொடியைக் கேட்டாள். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு கிளிஞ்சல் துண்டு ஏறியிருந்தது, எத்தனை நாளாகவோ. வலிக்கலியே, வலிச்சா சொல்ல மாட்டனா என்றாள். பக்கத்தில் போனதும் நாற்றம் வந்தது. நான் அவள் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கல்யாணத்தில் மெட்டி போடும்போது எடுத்தது, அதற்குப் பிறகு அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தாளைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். இந்தத் தாளுக்கு இந்தக் கால் வர முடியாதே என்றார். அங்கேயே காய்ச்சினார்கள், செங்கல் நிறம். தினமும் காலையில் சைக்கிளில் வந்து ஊசி போடும் கம்பவுண்டர் உத்திராபதியைக் கூப்பிட்டு அனுப்பினார். நீ போட்டது மருந்தா தண்ணியா, மிச்சத்த எங்க விக்கிற என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். உத்திராபதி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பகல் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. அது மட்டுமில்லை, வீட்டுக்கு வந்து பாக்கி இரண்டு ஆம்களையும் எழுதி, அந்தத் தாளை உனக்குத் தபாலிலும் போட்டேன். தாள் போகாவிட்டால் நீ பயப்படுவாய் என்று அப்போதும் நினைத்தேன். மறுநாள் வெராந்தாவில் உத்திராபதி என்னிடம் வந்து, அய்யா, தாளு ஒங்க கையெழுத்து, ஒங்க கையெழுத்துக்கு இந்த ஊர்ல மதிப்பு உண்டு, நான் என்னாத்தச் சொல்ல, எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, நாற்காலியைக் காட்டி, எத்தினி நாளா என்றார். முப்பத்திரண்டு வாரம் என்றேன். அவர் தன் கையால் எழுதிய ‘பர்ஃபே’வைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உத்திராபதியை அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவிடமும் சொன்னேன். அந்தத் தாள்ல இருக்கிறவளுக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்குது, அவளயே நாக்பூருக்கு அனுப்பிச்சிருக்கலாம் என்றாள். பிறகு உன்னைத் திட்ட வேண்டாம் என்று என்னிடம் மூன்று தடவை சத்தியம் வாங்கினாள். நான் உன்னைத் திட்டவில்லை. பொய்யை எழுதியவன் நான், அதை நீ எழுதச் சொல்லவில்லை. பொய்யைத் தவிர வேறு எதையும் எழுத முடியாதபடி ஒரு தாளை நீ கோடு போட்டாய், அவ்வளவுதான்.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. அந்த இருபத்தொன்றாம் தேதித் தாளைப் பாராட்டியிருந்தாய். அதற்குக் கீழே, ஆறு வாரமாக என் வார்டில் காய்ச்சல் அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை, மேட்ரன் மற்ற வார்டுப் பெண்களைக் கூட்டிவந்து காட்டினார், குசும் என்ற பயிற்சிப் பெண்ணை ஒரு காலிக் கட்டத்துக்காக ஒரு மணி நேரம் நிற்கவைத்தேன், அதிலிருந்து எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். நான் நர்ஸ் இல்லை. ஆனால் பொய் அட்டை எழுதுவதில் இந்த வருடம் என்னைவிட அனுபவமுள்ளவன் யாரும் இருக்க மாட்டான், அதனால் சொல்கிறேன். உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். உன் வார்டில் முப்பத்தாறு பேர். உடைக்கிறார்கள் என்று மற்றத் தெர்மாமீட்டர்களைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறாய், வெளியே இருப்பது ஒன்று. வாயில் மூன்று நிமிடம், கழுவித் துடைக்க ஒரு நிமிடம், ஆளுக்கு நான்கு நிமிடம். முப்பத்தாறு பேருக்கு நூற்று நாற்பத்து நான்கு நிமிடம். எட்டு மணிக் காய்ச்சல் எட்டரைக்குள் எழுதி முடிந்துவிடுகிறது என்று நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய். மூன்று பயிற்சிப் பெண்களில் ஒருத்தி நான்கு நாள் படுத்துக் கிடந்தாள், அந்த நான்கு நாளும் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அஞ்சலை, அந்தப் பெண்கள் திருந்தவில்லை. நான் ஏப்ரலில் கண்டுபிடித்ததை அவர்கள் ஆறு வாரத்துக்கு முன்பு கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னைக் கிழவன் உளறுகிறான் என்று வைத்துக்கொள், சந்தோஷப்படுவேன். தப்பா இல்லையா என்று தெரிய ஒரே வழிதான். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய், அட்டையில் காய்ச்சலே இல்லாத நான்கு பேருக்கு நீயே தெர்மாமீட்டர் வைத்துப் பார். அட்டையும் ஆளும் ஒத்துப்போகாவிட்டால் கத்தாதே. நீ கத்தினால் அடுத்த அட்டை இன்னும் அழகாக வரும், அதற்கு நான் உத்தரவாதம். முதலில் பீரோவைத் திற. பிறகு குசுமைக் கூப்பிட்டு, நீ ஒரு நாள் காலியாக விட்ட அந்தக் கட்டம்தான் இந்த வார்டிலேயே உண்மையான கட்டம் என்று சொல். அதைச் சொல்ல உனக்கு நாக்கு எழாது என்று தெரியும், டாக்டர் முன்னால் எனக்கும் எழவில்லை. ஒரு பகல் தாமதித்ததில் உத்திராபதியின் பெயர் போகப் பார்த்தது. உன் வார்டில் ஒரு பகல் தாமதித்தால் போவது பெயராக இருக்காது.

மேட்ரனிடம் நீயே சொல்லிவிடு, வேறு யாராவது சொல்வதற்கு முன்னால். வேலை போகுமோ என்று பயப்படுவாய். போனால் போகட்டும் என்று நான் சுலபமாக எழுத மாட்டேன், நீ அந்த வேலைக்கு எவ்வளவு பாடுபட்டாய் என்று தெரியும். ஆனால் குறையே இல்லாதவள் என்ற பெயரைக் காப்பாற்ற நீ நின்றுகொண்டே சாப்பிடுகிறாய், விடுமுறை எடுப்பதில்லை, மற்றவர்கள் விரித்த படுக்கையைக் கலைத்து மறுபடி விரிக்கிறாய். இதுவரை நீ பயந்த தப்பு ஒன்றும் நடக்கவில்லை. பயப்படாத இடத்தில் நடந்துவிட்டது. வார்டைச் சரிபார்த்த பிறகு லீவு கிடைத்தால் வா. அம்மா உன்னைக் கேட்கிறாள். தாள் கொண்டுவராம வரச் சொல்லுங்க என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

திங்கட்கிழமை கட்டுப் பிரித்ததும் தந்தி அடிக்கிறோம். நல்ல செய்தியாக இருந்தால் அதை நீ நம்புவாயா என்பதுதான் பன்னிரண்டு நாளாக எனக்குள்ள இன்னொரு கவலை. அதனால் தந்தியை உத்திராபதியின் பெயரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவருடைய வார்த்தையை நீ நம்பலாம், என்னுடையது தேற இன்னும் நாளாகும்.

இத்துடன் இந்த வாரத் தாளை வைத்திருக்கிறேன், முப்பத்துமூன்றாவது. பார்க்க லட்சணமாக இல்லை. ஆஸ்பத்திரியில் காய்ச்சியதை அவர்கள் சொன்னபடி எழுதியிருக்கிறேன், செங்கல் நான்கு, மஞ்சள் ஐந்து, பச்சை ஒன்று. நான்கு கட்டம் காலி, இரண்டு அவர்களுக்கு நேரம் ஒழியாததால், ஒன்று அறுவை நடந்த செவ்வாய்க்கிழமை, ஒன்று நான் கேட்க மறந்தது. மை ஓர் இடத்தில் சிந்தியிருக்கிறது, அதை அப்படியே விட்டிருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் ஏழு நாளும் ஆம் என்றுதான் இருக்கிறது. கட்டு மாற்றும்போது தினமும் பக்கத்தில் நிற்கிறேன், வலது பாதத்தை நானே கழுவித் துடைத்து விரல் விரலாகப் பார்க்கிறேன், ஐந்தும் இருக்கின்றன. அவளுக்குக் கூச்சம், விடுங்க, ஊரு பாக்குது என்கிறாள். நான் விடுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு. அம்மாவும் நானும், அண்ணன் அண்ணியும் உனக்குச் சொல்லும் ஆசீர்வாதம், நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், கட்டம் ஒன்றிரண்டு காலியாக இருந்தாலும் பரவாயில்லை. பீரோச் சாவியை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
சக்கரபாணி